மேஜை விளிம்பில் ஒரு பச்சைப் பொட்டு

தம்பி,

நான் நலம். நீ நலம் என்று நேற்றுச் சாயங்காலம்தான் போனில் சொன்னாய், ஆகையால் அதைக் கேட்டு ஒரு வரியை வீணாக்கப் போவதில்லை. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் ‘சாப்பிட்டியா’ என்பேன், நீ ‘சாப்பிட்டேன்பா, நீங்க?’ என்பாய். பிறகு மஸ்கட்டில் உன் ஏ.சி.யும் இங்கே என் மின்விசிறியும் கொஞ்சநேரம் பேசிக்கொண்டிருக்கும். அப்புறம் நீ, ‘கை எப்படிப்பா இருக்கு?’ என்று கேட்பாய். முப்பது வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் ஒவ்வொரு போனிலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. விமான நிலையத்திலும் நீ என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் என் கையைத்தான் பார்ப்பாய். வீடியோவில் பேசும்போது நான் போனை இடக் கையில் பிடித்துக்கொள்வது ஏன் என்று நீ யோசித்திருக்க மாட்டாய். அப்படிப் பிடித்தால் அந்தக் கை போனுக்குப் பின்னால் மறைந்துவிடும், உன் கண்ணில் படாது. அந்தக் கையைப் பற்றித்தான் இன்றைக்கு எழுத வேண்டியிருக்கிறது. முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துப்பில்லை, அதனால்தான் காகிதம்.

போன செவ்வாய்க்கிழமை நம் மர இழைப்பு மிஷினைப் பார்க்க ஒருவர் வந்தார். ரியாஸ் என்று பெயர், காரைக்கால்காரர், நாற்பது வயது இருக்கும். மேஜை, அலமாரி செய்து பாண்டிச்சேரிப் பக்கம் விற்கிறாராம். புது மிஷின் எல்லாம் தகர டப்பா மாதிரி நடுங்குகிறது, பழைய வார்ப்பிரும்பு மிஷின்தான் வேண்டும் என்று ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருக்கிறார். யாரோ நன்னிலத்தில் விசாரித்து என்னிடம் அனுப்பிவிட்டார்கள். பட்டறையை மூடி ஆறு வருஷம் ஆகிறது என்பது உனக்குத் தெரியும். அதற்காக நான் ஒப்பாரி வைக்கிறவன் இல்லை. தொழிற்சாலைக் கதவு நன்றாகத்தான் இருக்கிறது, நம் குளியலறைக்கு நானே பிளாஸ்டிக் கதவுதான் போட்டேன். ஆனாலும் மாதத்துக்கு ஒரு நாள் பட்டறையைத் திறந்து, கூட்டி, மிஷினுக்குக் கிரீஸ் தடவிவிட்டு வருவேன். ‘சும்மா கெடக்குற மிஷினுக்கு எதுக்குப்பா கிரீஸ்?’ என்று நீ ஒரு தடவை கேட்டாய். ‘பழக்கம்’ என்று சொன்னேன். அது பொய்.

ரியாஸ் மிஷினைப் பார்த்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. வந்ததும் விலை பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், ஒரு சுற்றுச் சுற்றினார், பிறகு இரண்டு உள்ளங்கையையும் மிஷினுடைய இரும்பு மேஜைமேல் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். பக்கவாட்டில் அழிந்துபோன இங்கிலீஷ் எழுத்தை டார்ச் அடித்து எழுத்துக் கூட்டினார். பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பிளேடு மாட்டியிருக்கிற உருளையைக் கையால் சுற்றிவிட்டு, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். அது சத்தமில்லாமல் நெடுநேரம் சுற்றி நின்றது. “பேரிங் புதுசாட்டம் இருக்குங்கய்யா” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வெளியே வயலில் சம்பா அறுவடை, வாடகைக்கு வந்த அறுப்பு மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பட்டறைக்குள் இன்னொரு மனிதக் குரல் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் சீக்கிரம் போய்விடக் கூடாதே என்று டீக்கடைக்குப் போன் போட்டு டீ வரவழைத்து, குடித்து முடித்ததும் இரண்டாம் தடவையும் சொன்னேன்.

அப்புறம் ஒரு நீள இரும்பு ஸ்கேலை மேஜைமேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். உருளைக்குப் பக்கத்து விளிம்புக்கு வந்ததும் ஸ்கேல் நின்றது. விரலால் தடவினார். அங்கே எப்போதும் கிரீஸ் கொஞ்சம் தடிமனாக இருக்கும்.

“ஐயா, இங்க அடி பட்டிருக்குங்களே.”

“ஆணி” என்றேன். முப்பது வருஷம் பழகிய வார்த்தை, யோசிக்காமல் வந்தது.

அவர் மண்ணெண்ணெய்த் துணியால் கிரீஸை வழித்துத் துடைத்தார். டார்ச் அடித்தார். மூக்கு மேஜையில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தார். “ஆணி இல்லீங்கய்யா. ஆணின்னா இரும்போட இரும்பா துரு ஏறியிருக்கும். இங்க பாருங்க, பச்சை பூத்திருக்கு. செம்பு அப்பிக்கிட்டு இருக்கு. பழைய வீட்டு மரம் இழைச்சீங்களா? செப்புக் காசு ஏதாச்சும் உள்ள இருந்திருக்கும். பாவம், காந்தம் ஓட்டிப் பாத்திருந்தாக்கூட இது அகப்பட்டிருக்காதே.”

பெஞ்சைத் தேடி உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷமாக நான் கிரீஸ் பூசிப் பூசி மூடி வைத்திருந்ததை ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர் ஒரு நிமிஷத்தில் துடைத்துப் படித்துவிட்டார். கடுகளவு பச்சைப் பொட்டு, தம்பி. அவ்வளவுதான் அது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததைத்தான் முதலில் சொல்லப்போகிறேன், பொறுமையாகப் படி. அப்போது உனக்கு இருபத்திரண்டு வயது. ஊரில் பாதி வீட்டுக்குக் கல்ஃப் காசு வர ஆரம்பித்திருந்த காலம். ஒரு பக்கம் புதுசாக மாடி வீடு எழும்பும், இன்னொரு பக்கம் பட்டணத்துக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்களுடைய பழைய வீடுகளை இடிப்பார்கள். இடித்த வீட்டுத் தேக்கு நம் பட்டறைக்கு வந்து, இழைத்துப் புது வீட்டுக் கதவாகப் போகும். நமக்கு நல்ல பிழைப்பு. அந்த மரத்தில் இருக்கிற ஒரே தொல்லை ஆணி. கண்ணுக்குத் தெரியாத ஒரு ஆணிமேல் பிளேடு பட்டால் என்ன ஆகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அதனால்தான் பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தத்தை ஒரு குச்சியில் கட்டி, ஒவ்வொரு மரத்தையும் அடி அடியாகத் தடவிப் பார்க்கிற வேலையை உன்னிடம் கொடுத்திருந்தேன்.

அன்றைக்கு வந்தது ஒரு மிராசுதார் வீட்டு வாசல் நிலை. வண்டியிலிருந்து இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. “டேய், இது நான் வச்ச நிலைடா, பத்தொம்பது வயசுல” என்று உன்னிடமும் வேலையாட்களிடமும் பீற்றிக்கொண்டேன். நீ காந்தத்தை ஓட்டினாய், ஏழு ஆணி பிடுங்கி டப்பாவில் போட்டாய், “சுத்தமா இருக்குப்பா” என்றாய். நான் மரத்தை மிஷினில் கொடுத்தேன். பாதி மரம் போகும்போது ‘டங்’ என்று ஒரு சத்தம். மரம் எகிறிப் பின்னால் வந்தது. மரத்தை அழுத்திக்கொண்டிருந்த இடக் கைக்கு அடியில் மரம் இல்லை, உருளைதான் இருந்தது. இரண்டு விரல் போனது.

திருவாரூர் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது, பார்க்க வந்த நாலு பேர் முன்னால் உன்னைக் கேட்டேன். “காந்தம் ஓட்டினியா, இல்ல கனவு கண்டுக்கிட்டு நின்னியா?” நீ, “ஓட்டுனேன்பா” என்றாய். மறுபடியும் கேட்டேன். “ஓட்டுனேன்பா” என்றாய், குரல் இறங்கிவிட்டது. உன் அம்மா குறுக்கே வந்து, “அவன் ஓட்டுனதை நான் பாத்தேங்க. டீ கொண்டாந்தப்ப ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தான்” என்றாள். “உனக்கு என்ன தெரியும், வாயை மூடு” என்று அவளை அடக்கினேன். மூன்றாம் தடவை உன்னைக் கேட்டேன். நீ கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “ஒரு எடம் விட்டுருப்பேன் போலருக்குப்பா” என்றாய். எனக்கு உண்மையைக் கறந்துவிட்ட திருப்தி. உன் மகன் ஏதாவது உடைத்தால், தம்பி, ஒரு தடவைக்கு மேல் கேட்காதே. மூன்றாம் தடவை மனிதன் ஒப்புக்கொள்வது களைப்பினால்தான்.

இதுவரை உனக்குத் தெரியும். இனிமேல் தெரியாது.

பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்ததும், ஒரு மத்தியானம் நான் மட்டும் பட்டறைக்குப் போனேன். நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். மிஷினுக்கு அடியில் ரத்தம் காய்ந்த மரச்சுருள் அப்படியே கிடந்தது, யாரும் கூட்ட மனசு வராமல் விட்டிருந்தார்கள். காலால் தள்ளினேன். ஒரு காசு உருண்டு வந்தது. செப்புக் காலணா, ஓரம் கடித்த மாதிரி பிய்ந்து. பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. நிலை நிறுத்தும்போது மரத்தில் ஒரு சின்னக் குழி தோண்டி, மஞ்சள் தடவிய காசை உள்ளே வைத்து, மேலே ஒரு தேக்குத் தக்கை அடித்து மூடுவது நம் பக்கத்து வழக்கம் இல்லையா? பத்தொன்பது வயதில் அந்தக் குழியைத் தோண்டியவன் நான். அந்தக் காசை வைத்தவன் நான். தக்கையை இழைத்து, ரேகைக்கு ரேகை பொருத்தி, அந்த வீட்டம்மா தடவிப் பார்த்துவிட்டு, “எங்கடா வச்ச, காணுமே?” என்று சிரிக்கிற அளவுக்கு மறைத்தவனும் நான்தான். நிலை வண்டியிலிருந்து இறங்கியபோது அந்த வீடு, அந்த அம்மாள், அன்றைக்குப் போட்ட வடை பாயசம் எல்லாம் நினைவுக்கு வந்தது. காசு மட்டும் வரவில்லை.

காந்தத்தில் செம்பு ஒட்டாது. நீ நூறு தடவை ஓட்டியிருந்தாலும் அது அகப்பட்டிருக்காது. இது எனக்கு அன்றைக்கு மத்தியானமே தெரியும். ஓரமாகச் சாய்த்து வைத்திருந்த அந்த மரத்தில் குழி பாதியாக, தக்கை பாதியாக, பளிச்சென்று தெரிந்தது. ஒற்றைக் கையால் ரம்பத்தைப் பிடித்து அந்தத் துண்டை அறுத்தேன். எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். நீ மருந்தோடு வந்து, “எதுக்குப்பா நீங்க எந்திரிச்சு நடக்குறீங்க?” என்று கோபித்து, அந்த அடுப்பு வெந்நீரிலேயே என் காலைக் கழுவிவிட்டாய்.

ஏன் சொல்லவில்லை? இதை எனக்கே நான் பல விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஆணி என்று சொல்லியாயிற்று, இனி எப்படி மாற்றுவது என்பது ஒன்று. தன் தக்கையே தன் விரலை வெட்டியது என்று தெரிந்தால் தொழில்காரன் எவனும் விழுந்து விழுந்து சிரிப்பானே என்பது இன்னொன்று. இரண்டும் உண்மைதான், ஆனால் முழு உண்மை அசிங்கமானது. அந்த விபத்துக்கு முன்னால் நீ என்னிடம் எதிர்த்துப் பேசுவாய், நினைவிருக்கிறதா? சட்டையை மாட்டிக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் போய்விடுவாய். விபத்துக்குப் பிறகு நீ பூனைக்குட்டியாகிவிட்டாய். வலக் கை நன்றாக இருந்தும் சோறு பிசைந்து ஊட்டினாய், சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டாய். எனக்கு அது பிடித்திருந்தது. இன்றைக்குச் சொல்லிவிட்டால் நாளைக்கு நீ மறுபடி நிமிர்ந்துவிடுவாயே என்று தள்ளிப்போட்டேன். இரண்டு மாதத்தில் உனக்கு விசா வந்துவிட்டது. ‘நான் சம்பாதிச்சு உங்களை ஒக்கார வச்சுப் பாத்துக்கிறேம்பா’ என்று பஸ் ஏறும்போது என் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். மரவேலை உனக்கு என்னைவிட நன்றாக வரும். அதை விட்டுவிட்டு இத்தனை வருஷம் யாரோ ஒருவருடைய கிடங்கில் நிற்கிறாய், பாவத்தைக் கழுவுகிறவன் மாதிரி. அந்தப் பாவம் உன்னுடையது இல்லை.

நீ அனுப்பியதில்தான் இந்த வீடு எழும்பியது. நிலையை நானே எட்டு விரலால் செய்தேன். காசு வைக்கிற நேரத்தில் நான் மடியிலிருந்து அந்தக் காலணாவை எடுத்து வைத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, “என்னங்க, ஓரம் பிஞ்ச காசால்ல இருக்கு, நல்லதா வைக்கக் கூடாதா?” என்றாள். “பழைய செம்புதான் விசேஷம்” என்றேன். தக்கையை மட்டும் இந்தத் தடவை வேண்டுமென்றே வேப்ப மரத்தில் அடித்தேன், தேக்குக்கு நடுவில் எடுப்பாகத் தெரியட்டும் என்று. என்றைக்காவது நீ கேட்பாய், அன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று ஒரு கணக்கு. நீயும் கேட்டாய். அம்மா காரியத்துக்கு வந்திருந்தபோது, அவள் முகத்தைக்கூடப் பார்க்கக் கிடைக்காமல் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தாயே, அப்போது வாசலில் சாய்ந்து நின்றுகொண்டு, “இதென்னப்பா, இந்த எடத்துல ஒட்டு?” என்று கேட்டாய். “மரத்துல கண்ணு இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இதையெல்லாம்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொண்டு நான் செத்துப்போயிருப்பேன். போன வருஷம் நீ வந்தபோது நடந்ததுதான் விழுங்க முடியவில்லை. கொல்லைப்புறத்தில் உட்கார வைத்து எனக்கு நகம் வெட்டிவிட்டாய். வலக் கை முடித்தாய், இடக் கை எடுத்தாய், மூன்று விரல் வெட்டினாய். வெட்ட நகமில்லாத இடத்துக்கு வந்ததும் உன் கட்டைவிரல் அந்தத் தழும்பின்மேல் நின்றுவிட்டது. உனக்கும் நரை வந்துவிட்டது, தம்பி. தலையைக் குனிந்துகொண்டே, “மன்னிச்சுடுங்கப்பா” என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “விடுடா, போனது போச்சு” என்றேன். பெருந்தன்மையாக. நீ மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்துபோனாய். அன்றிலிருந்து இந்த நாலு அறை வீட்டில் எந்த அறையில் உட்கார்ந்தாலும் நான் சொன்ன அந்த வார்த்தைதான் என் எதிரே உட்கார்ந்திருக்கிறது. பால்காரர், பேப்பர்காரர், மாத்திரைக் கடைக்காரர் தவிர பேச்சுக்கு ஆளில்லை. உன்னைத் தூர அனுப்பிய கையால் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருக்கிறேன். தனிமை எனக்கு வலிக்கிறது. ஆனால் அதை உன்னிடம் சொல்லி அழைக்க எனக்கு யோக்கியதை இல்லை என்றும் தெரிகிறது.

ரியாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் முறையாக ஒரு மனிதரிடம். டீ ஆறிப்போயிற்று. அவர் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“ஒங்க மகனுக்குத் தெரியுமாங்கய்யா?”

“தெரியாது.”

ஸ்கேலைப் பைக்குள் வைத்தார். பிறகு, “மிஷின் எனக்குப் பிடிச்சிருக்கு. அடுத்த வாரம் வியாழக்கிழமை லாரியோட வர்றேன்” என்றார்.

“அந்தப் பச்சைப் பொட்டை மட்டும் அப்படியே விட்டுடுவீங்களா?”

“அது எப்படிங்கய்யா? மேஜையைச் சமம் பண்ணணும்னா தேய்ச்சுத்தான் ஆகணும். இல்லாட்டி இழைக்கிற மரத்துல எல்லாம் கோடு விழும்.” வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். “அதுக்குள்ள சொல்லிடுங்கய்யா.”

இன்றைக்குப் புதன்கிழமை. நாளைக்கு மிஷின் போய்விடும், அந்தப் பொட்டும் போய்விடும், அப்புறம் என் வாயைத் தவிர வேறு சாட்சி கிடையாது. இந்த வாயை நம்பி முப்பது வருஷம் நீ கெட்டது போதும். அதனால் காலையில் உளியை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து வேப்பந்தக்கையைப் பெயர்த்தேன். காசு இப்போது இந்தக் காகிதத்தின்மேல் இருக்கிறது, காற்றுக்குப் பறக்காமல். தபாலில் அனுப்ப மாட்டேன், அது உன் கையில்தான் வர வேண்டும். நிலையில் குழி திறந்தபடி இருக்கிறது. நீ வந்து பார்க்கலாம். வராமலும் இருக்கலாம், கோபப்படலாம், போனை எடுக்காமல் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் உனக்கு உரிமை உண்டு. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். இனிமேல் என் கை எப்படி இருக்கிறது என்று கேட்காதே.

முடிப்பதற்கு முன்னால் இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. காசு கிடைத்த பிறகுதான் உன்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரிந்தது என்பதுபோல் மேலே எழுதியிருக்கிறேன். திருப்பிப் படித்துப் பார்த்தேன், அதுவும் சரியில்லை. அன்றைக்கு நான் பிளேடைத் திருகிக்கொண்டு மிஷின் பக்கத்தில் நின்றிருந்தேன். நீ காந்தத்தை அந்த மரத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டினாய், மரத்தைப் புரட்டிப் போட்டு மறுபடியும் ஓட்டினாய். இரண்டு தடவை ஓட்டினாய், தம்பி. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அப்பா